நான் மூன்று முறை மூடிய புகார்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் பயிற்சி முடிகிற நாளில் நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி அலுவலகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்பது ஆபத்தான காரியம். நாலு வார்த்தை நாற்பது பக்கமாக வளர்ந்துவிடும். பயப்படாதீர்கள், ஒரே ஒரு வீட்டைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். இன்டர்நெட் வருகிற கண்ணாடி இழையை ஒட்டுவது, அதில் ஓடும் வெளிச்சத்தை மீட்டரில் அளப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன். நான் மூன்று முறை மூடிய ஒரு புகாரைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று முறையும் பொய் எழுதி மூடினேன்.

முதலில் ஒன்று. நான் கெட்டிக்காரன். தன்னடக்கம் எல்லாம் பிரிவுபசார விழாவிலேயே தீர்ந்துவிட்டது, இனி உண்மையைப் பேசலாம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் நான் ஏறாத மொட்டை மாடி குறைவு. ஒரகடத்தில் ஆறு பையன்கள் சேர்ந்து தங்கியிருந்த அறை ஒன்றில் தினமும் சாயங்காலம் இன்டர்நெட் நின்றுபோகிறது என்று புகார். நம் ஆட்கள் நான்கு பேர் போய்ப் பார்த்துக் கையை விரித்துவிட்டார்கள். ஐந்தாவதாக நான் போனேன். மூலையில் ரைஸ் குக்கர் இருந்தது. “சோறு எத்தனை மணிக்குப்பா வைப்பீங்க?” என்று கேட்டேன். அவ்வளவுதான், கதை முடிந்தது. நம் இன்டர்நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் குக்கரைச் சொருகுகிறார்கள். அலுவலகத்தில் ஒரு மாதம் என் காலர் கீழே இறங்கவில்லை.

அதுதான் வினையாகப் போயிற்று. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் என் கண் குக்கரைத்தான் தேடியது. கோளாறு என்றால் அவர்கள் வீட்டுக்குள்தான், நம் கம்பியில் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். நேரம் கேட்டுத்தான் அதைக் கண்டுபிடித்தேன் என்பதை மறந்துவிட்டு, குக்கரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

வல்லம் வடகாலில் சுகுணா என்பவர் வீட்டிலிருந்து புகார் வந்தது. கணவர் ஏழுமலைக்கு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் மத்தியான ஷிஃப்ட், அதற்கடுத்த வாரம் இரவு ஷிஃப்ட் என்று மாறி மாறி வரும். சுகுணாவும் ஆறு வருஷம் ஒரு கம்பெனியில் லைனில் நின்றவர். நின்றவர் என்று சும்மா சொல்லவில்லை. எட்டு மணி நேரமும் நின்றபடியே சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்த வேண்டும். காலில் நரம்பு சுருண்டு வீங்கி, இனி நிற்கிற வேலையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு அலைந்து தேடிப் பிடித்தது இந்த வேலை. மிக்சி, மின்விசிறி விற்கிற ஒரு நிறுவனத்துக்கு, வாங்கியவர்கள் கேட்கும் சந்தேகங்களுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகப் பதில் சொல்ல வேண்டும். காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை. ஆறு மாதம் சோதனைக் காலம். பேசிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தால் அவர் பெயரில் ஒரு கரும்புள்ளி.

முதல் நாள் மத்தியானம் புகார் பதிவானது. நான் மறுநாள் காலை பதினொரு மணிக்குப் போனேன். எல்லாம் சரியாக இருந்தது. பெட்டியில் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன, வேகமும் குறைவில்லை. ஏழுமலை பனியனோடு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

“இன்னா சார், நல்லாத்தானே ஓடுது? கம்ப்யூட்டருக்குக் கண்ணு பட்டிருக்கும். ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுட்டுப் போங்க” என்றார்.

நானும் சிரித்தேன். புகாரை மூட வேண்டுமென்றால் வாடிக்கையாளரின் போனுக்கு வரும் நான்கு இலக்க எண்ணை வாங்கி நம் செயலியில் போட வேண்டும், கூடவே ஒரு காரணத்தைப் பட்டியலிலிருந்து தொட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ‘வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் கோளாறு’ என்று அதில் ஒரு வரி உண்டு. அதைத் தொட்டால் நம் தலையில் எதுவும் விழாது. இதற்குள் உங்களுக்கும் அந்த வரியின் மேல் காதல் வந்திருக்கும். எனக்கு வந்திருந்தது. தொட்டேன், எண்ணை வாங்கினேன், வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் புகார். மறுபடியும் பதினொரு மணி, மறுபடியும் பச்சை விளக்கு, மறுபடியும் நாற்காலியில் ஏழுமலை. பெட்டியை மாற்றினேன், அடாப்டரை மாற்றினேன். அதே காரணம், அதே மூடல். இன்னும் மூன்று வாரம் கழித்து மூன்றாவது முறை. “கம்ப்யூட்டரை நல்ல கடையில குடுத்துப் பாருங்கம்மா” என்று அறிவுரை சொன்னேன். ஏற்கெனவே கொடுத்துப் பார்த்தாயிற்று, அதற்காக இரண்டு நாள் விடுப்பும் போட்டாயிற்று, கடைக்காரர் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார் என்றார் சுகுணா.

“சார், கம்ப்யூட்டர் நல்லாத்தான் கீது. நெட்டு நிக்கும்போது ஒங்க பெட்டியிலதான் செவப்பு லைட்டு எரியுது. அத்த எழுதுங்க.”

“அது அப்படித்தாம்மா எரியும். நம்பரைச் சொல்லுங்க.”

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் இழையில் வெளிச்சம் வரவில்லை என்று பொருள். அதாவது கோளாறு நம் கம்பியில். நேற்றுச் சேர்ந்த உங்களுக்கே அது தெரியும். தலை நரைத்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு இன்னும் ஐந்து வீடு பாக்கி இருந்தது, என் கண் முன்னால் விளக்கு பச்சையாக இருந்தது, கேட்கிறவர் ஒரு வீட்டுப் பெண் என்ற அலட்சியமும் இருந்தது. மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சுகுணா எண்ணைச் சொன்னார்.

அதற்குப் பிந்தைய மூன்றாவது சனிக்கிழமை அவர் நேராக நம் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அவர் வேலை பார்க்கும் நிறுவனம், லைன் ஏன் அடிக்கடி அறுகிறது என்று நம் அலுவலகத்தைக் கேட்டிருக்கிறது. நம் ஆட்கள் என் மூன்று மூடல்களையும் அப்படியே எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இணைப்பில் கோளாறு இல்லை, கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று மூன்று முறை, என் பெயரோடு. அந்த நிறுவனம் சுகுணாவுக்குக் கெடு வைத்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சரியான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தராவிட்டாலும் வேலை போகும், அதற்குள் இன்னொரு முறை லைன் அறுந்தாலும் வேலை போகும்.

“நான் பொய் சொல்றேன்னு எழுதிக் குடுத்துக்கீறீங்க சார். ஒரு வாட்டி இல்ல, மூணு வாட்டி. அதுக்கு நம்பர் சொன்னதும் நானேதான்” என்றார். குரலை உயர்த்தவில்லை. “திரும்பப் போயி லைன்ல நிக்க என் காலு தாங்காது சார்.”

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை பேருக்கு முன்னால் இப்படிக் கேட்டுவிட்டாரே என்று. ‘செக் பண்ணித்தாம்மா எழுதினோம்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சிவப்பு விளக்கு நெஞ்சில் மீன் முள்ளாக நின்றது. வெட்கமாக இருந்தது.

“எத்தனை மணிக்கும்மா நிக்குது?” என்று கேட்டேன்.

போனை எடுத்து நீட்டினார். வீட்டு நாள்காட்டித் தாள்களில் ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் குறித்து வைத்து அதைப் படமும் எடுத்து வைத்திருந்தார். எல்லாமே மத்தியானம் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில். ஒரு வாரம் வரும், அடுத்த இரண்டு வாரம் ஒன்றும் இருக்காது, மறுபடி ஒரு வாரம் வரும். நான் புகாரை மூடிவிட்டுப் போன நாள்களிலும் மத்தியானம் நின்றிருக்கிறது; கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று நான் சொல்லிவிட்டதால் அவர் உடனே மறுபடி கூப்பிடவில்லை.

“இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“நீங்க எங்க சார் கேட்டீங்க? நம்பரத்தானே கேட்டீங்க.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சமாளித்துக்கொண்டு, அந்த நேரத்தில் வீட்டில் வேறு என்ன நடக்கும், தண்ணீர் மோட்டார் ஓடுமா, கிரைண்டர் ஓடுமா என்று கேட்டேன்.

“ஒண்ணும் ஓடாது. நான் உள்ரூம்ல கதவ சாத்திகினு பேசிகினு இருப்பேன். அவருக்கு செகண்ட் ஷிஃப்ட்டுன்னா சாப்ட்டுட்டுக் கெளம்புவாரு. அவ்ளோதான்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போன மூன்று முறையும் காலை பதினொரு மணிக்கு ஏழுமலை வீட்டில் இருந்தார். மூன்று முறையும் அவருக்கு மத்தியான ஷிஃப்ட் வாரம். வேறு வாரத்தில் புகாரே வரவில்லை. ஆஹா, குக்கர் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அந்த ஆள் கிளம்புகிற அவசரத்தில் எதையோ பிடுங்கிவிட்டுப் போகிறார், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று. பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

திங்கள்கிழமையிலிருந்து மறுபடி ஏழுமலைக்கு மத்தியான ஷிஃப்ட். ஒரு மணிக்கே போய்ப் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளறையில் சுகுணா யாருக்கோ மிக்சி ஜாரை எப்படிப் பூட்டுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழுமலை நிதானமாகச் சாப்பிட்டார், கை கழுவினார், அப்புறம் அடையாள அட்டையைத் தேட ஆரம்பித்தார். அலமாரியின் மேல், டிவிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில். எந்த பிளக்கையும் தொடவில்லை. பெட்டியில் பச்சை எரிந்தது. தெருமுனையில் ஹாரன் கேட்டது.

“வர்றேன்பா, வர்றேன்!” என்று உள்ளிருந்தே கத்திவிட்டு ஏழுமலை தலையணையைத் தூக்கிப் பார்த்தார்.

“யாரு?”

“கம்பெனி பஸ்ஸு சார். வாசல்லயே வந்து நிக்கும். நாம போற வரிக்கும் நிக்கும், நம்ம டிரைவருதான்.”

எழுந்து வாசலுக்குப் போனேன். புகாருக்காக அந்த வீட்டுக்கு வந்த நான்கு முறையில் அன்றைக்குத்தான் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தேன். எதிர்ப்புறக் கம்பத்திலிருந்து நம் கம்பி தெருவைத் தாண்டி வந்து, சுகுணா வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த இரும்புக் கழியை நோக்கித் தாழ்ந்துகொண்டே வந்தது. தெருமுனையிலிருந்து பஸ் வாசல் பக்கமாக ஒதுங்கி வந்துகொண்டிருந்தது. கம்பி தாழ்ந்திருந்த இடத்தைவிட பஸ்ஸின் கூரை உயரம்.

நடுத்தெருவில் போகிற வண்டிக்குக் கம்பி தட்டாது. வாசலை ஒட்டி வந்து நின்றால் கூரை அதை நெம்பித் தூக்கும். தூக்கினால், கழியில் கட்டிய இடத்தில் இழை மடங்கும், வெளிச்சம் நின்றுபோகும். ஏழுமலை அட்டையைத் தேடி முடிக்கும் வரைக்கும் பஸ் அப்படியே நிற்கும். அது கிளம்பியதும் கம்பி பழையபடி இறங்கிவிடும். மறுநாள் பதினொரு மணிக்கு நான் வந்தால் எல்லாம் பச்சை. காலை ஷிஃப்ட் வாரத்தில் பஸ் வருவது சுகுணா வேலையைத் தொடங்கும் முன், இரவு ஷிஃப்ட் வாரத்தில் வருவது அவர் வேலை முடிந்த பின். அப்போதும் நின்றுதான் இருக்கும், பார்க்கத்தான் ஆளில்லை. வேலை முடிந்து திரும்பும்போது பஸ் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும்.

இவ்வளவையும் நின்று யோசிக்கவில்லை. உள்ளே சுகுணா பேசிக்கொண்டிருக்கிறார், இந்த வாரம் ஒரு முறை அறுந்தாலும் வேலை போய்விடும், அது ஒன்றுதான் மனதில் இருந்தது. ஓடிப்போய் பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். பிரேக் கிறீச்சிட்டது.

“யோவ் பெருசு, வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?” என்று டிரைவர் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

“இங்க நிக்காதப்பா! நடுரோட்டுல ஏறி, அந்தத் தண்ணித் தொட்டிகிட்ட போய் நில்லு!”

“யார்யா நீ? ஏழுமல எங்க?”

“அவரு ஓடியாருவாரு. நீ போ!”

பஸ் திட்டிக்கொண்டே விலகிப் போனது. ஏழுமலை ஒரு காலில் ஷூவும் ஒரு கையில் ஷூவுமாகத் தெருவில் ஓடினார். ஜன்னலெல்லாம் தலைகள், ஒரே கைதட்டல். நான் உள்ளே ஓடிவந்து பெட்டியைப் பார்த்தேன். பச்சை. உள்ளறையில் சுகுணா, “வலது பக்கமா ஒரு தடவை திருப்புங்க சார்” என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டில் ஏணி வாங்கிப் போட்டு ஏறிப் பார்த்தேன். கம்பியின் கறுப்பு உறை தேய்ந்து, அதில் பஸ்ஸின் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. கழியில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் என் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு சுற்று சுற்றி மூன்றாவதை உள்ளே செருகும் அந்தக் கட்டு என்னுடையது. இணைப்பு கொடுத்த அன்று நான் ஏணி கொண்டுபோகவில்லை. மாடிக்குக் கொண்டுபோக வேண்டிய கம்பியை, மதில் மேல் நின்று கைக்கு எட்டிய கழியில் இழுத்துக் கட்டிவிட்டு, அப்புறம் வந்து சரிசெய்யலாம் என்று போய்விட்டேன். அந்த அப்புறம் வரவேயில்லை. அதற்குப் பிறகு பழைய சாலையின் மேலேயே புதிய சாலையைப் போட்டார்கள், தெரு உயர்ந்தது. சாலை உயர்ந்தது என் தவறில்லை. ஏணி கொண்டுபோகாதது என் தவறு.

ஆறு மணி வரைக்கும் கம்பியைத் தொட முடியாது, தொட்டால் லைன் போகும். வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு சுகுணா வெளியே வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கட்டு என்னுடையது என்பதையும் சொன்னேன். அவர் நன்றி சொல்வார் என்று ஒரு நப்பாசை இருந்தது. சொல்லவில்லை.

“எனக்குத்தான் கம்ப்யூட்டரே ஓட்டத் தெரியலன்னு நெனச்சிகினு இருந்தேன் சார்” என்று மட்டும் சொன்னார். கண் கலங்கியிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாடியில் ஒரு குழாயை நட்டு, கம்பியை உயர்த்திக் கட்ட அரை மணி நேரம்தான் ஆனது. வழக்கம்போல் எண்ணைக் கேட்டேன்.

“இப்ப தர மாட்டேன். இந்த வாரம் முடியட்டும். அடுத்தால வர்ற செகண்ட் ஷிஃப்ட் வாரமும் முடியட்டும். அப்பால தரேன்” என்றார்.

இனி கடிதம் பாக்கி. கம்பியைச் சரிசெய்தாயிற்றே, அதோடு விட்டுவிடலாம் என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் பழைய மூன்று பொய்கள் அவர் பெயரில் நிற்கின்றன, வெள்ளிக்கிழமைக்குள் அவை விழ வேண்டும். மறுநாள் காலை சுகுணாவின் நிறுவனத்துக்கு அலுவலகத் தாளில் எழுதினேன். கோளாறு எங்கள் கம்பியில் இருந்தது, அதைத் தாழ்வாகக் கட்டியது நான், சரியாகப் பார்க்காமல் மூன்று முறை தவறான காரணம் எழுதியதும் நான். எழுதியதை நம் மேனேஜரிடம் நீட்டினேன். தென்காசிப் பக்கத்துப் பிள்ளை, என்னைவிட இருபது வயது சின்னவர்.

“அண்ணே, எதுக்கு வம்ப விலைக்கு வாங்குதீய? ‘கோளாறு சரிசெய்யப்பட்டது’ன்னு ஒத்த வரி போதும்லா. ஒங்களுக்கு ரிட்டயர்மென்டுக்கு இன்னும் எட்டு மாசந்தான் கெடக்கு” என்றார்.

“ஒத்த வரி போட்டா அவங்க பொய் சொன்னதாத்தான் நிக்கும் தம்பி. நான் பொய் சொன்னேன்னு இருந்தாத்தான் அவங்க வேலை நிக்கும்.”

அவர் இரண்டு முறை படித்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார். “ஒங்க மேல நடவடிக்கைன்னு வந்தா அதையும் நாந்தான் எழுதணும், தெரியும்லா?” என்றார். கடிதம் அன்றைக்கே போயிற்று, நடவடிக்கையும் எழுதினார். இரண்டு மாதம் என்னைக் களத்திலிருந்து எடுத்துப் புகார் கேட்கும் போன் முன்னால் உட்கார வைத்தார்கள். அந்த இரண்டு மாதத்தில் நான் கேட்ட முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எத்தனை மணிக்கு நிற்கிறது?

சுகுணாவின் புகார் மட்டும் மூடப்படாமல் என் பெயரில் பட்டியலின் உச்சியில் சிவப்பாக நின்றது. தினமும் காலையில் மேனேஜர் அதைச் சுட்டிக் காட்டுவார். நான்கு வாரம் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். நடுவில் ஒருநாள் ஏழுமலையைச் சந்தித்தேன். பஸ் இப்போதும் தண்ணீர்த் தொட்டியருகேதான் நிற்கிறதாம், இவர் ஐந்து நிமிஷம் முன்னாலேயே போய் நிற்கிறாராம். கம்பிதான் உயர்ந்துவிட்டதே என்றேன்.

“ஒசந்துட்சி சார். ஆனா அவ சோத்துல நாமளே மண்ணு போட்டுகினு இருந்தோமேன்னு நெனச்சா ஒரு மாதிரியா கீது” என்றார்.

அடுத்த மத்தியான ஷிஃப்ட் வாரம் முடிந்த சனிக்கிழமை, என் முன்னாலிருந்த போன் அடித்தது. சுகுணாவின் குரல்.

“சார், வேல பர்மனென்ட் ஆயிட்ச்சி. நேத்து லெட்டர் வந்துது. நம்பர் சொல்றேன், போட்டுக்கிறீங்களா?”

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார், போட்டுக்கொண்டேன். காரணப் பட்டியலைத் திறந்தேன். ‘நம் ஆளின் தவறு’ என்று அதில் ஒரு வரி கிடையாது, உங்களுக்கும் இருக்காது. கடைசியில் ‘மற்றவை’ என்று ஒன்று இருக்கும், அதைத் தொட்டு நாமே எழுத வேண்டும். எழுதினேன்.

“இன்னா காரணம் போட்டீங்க?” என்று கேட்டார்.

படித்துக் காட்டினேன். “ஏணி கொண்டுபோகாமல் நான் கம்பியைத் தாழ்வாகக் கட்டியது.”

“ம். இப்ப மூடுங்க சார்” என்றார்.